டைரி ஆஃப் எ விம்பி கிட்: சிரித்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க எழுத்தாளர் ஜெஃப் கின்னி எழுதி, அவரே படமும் வரைந்த ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’ வரிசையின் முதல் புத்தகத்தைப் பற்றிய கேள்விகள் இவை. பிள்ளைகள் கேட்டவை சில, பெரியவர்கள் கேட்டவை பல. கதையின் முடிவு ஓரிடத்தில் வருகிறது. அதற்கு முன்பே எச்சரித்துவிடுகிறேன்.

கதை என்ன?

கிரெக் ஹெஃப்லி என்ற பையன் மிடில் ஸ்கூலில் சேர்கிறான். அம்மா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, அன்றாடம் நடப்பதை எழுதச் சொல்கிறார். செப்டம்பரில் பள்ளி திறப்பதிலிருந்து ஜூனில் முடியும் வரை அவன் எழுதியதும் வரைந்ததும்தான் மொத்தப் புத்தகமும். மர்மம் கிடையாது, மந்திரம் கிடையாது. மாணவர் தேர்தல், ஹாலோவீன் இரவு, மல்யுத்த வகுப்பு, பள்ளி நாடகம், பனிக்காலம், நண்பனோடு சண்டை, அவ்வளவுதான்.

வீட்டில் அவனைச் சீண்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் அண்ணன் ராட்ரிக். என்ன செய்தாலும் திட்டு வாங்காத மூன்று வயதுத் தம்பி மேனி. பள்ளியில் ஒரே நெருங்கிய நண்பன் ரவுலி ஜெஃபர்சன். ரவுலி சூது வாது தெரியாத பையன். கிரெக்குக்குச் சூது மட்டும்தான் தெரியும், அதுவும் சரியாக வராது. தான் ஒருநாள் பெரிய பணக்காரனாகவும் புகழ்பெற்றவனாகவும் ஆகிவிடுவோம், அப்போது கேள்வி கேட்க வருபவர்களிடம் இந்த நோட்டைக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பில்தான் அவன் எழுதவே ஒத்துக்கொள்கிறான்.

மிடில் ஸ்கூல் என்றால் எந்த வகுப்பு? அங்கே அப்படி என்ன கஷ்டம்?

பெரும்பாலும் 6, 7, 8 வகுப்புகள். வயது 11 முதல் 14 வரை. அதுவரை தொடக்கப் பள்ளியில் ஒரே அறை, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே ஆசிரியர். மிடில் ஸ்கூலுக்கு வந்ததும் பாடத்துக்குப் பாடம் வேறு அறை, வேறு ஆசிரியர், வேறு பிள்ளைகள். புத்தகம் வைக்க நடைவழியில் ஒரு லாக்கர். மதியம் சாப்பிடும் இடத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதே பெரிய கவலை.

இந்த ஏற்பாட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1909இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஜூனியர் ஹை என்ற பெயரில் இப்படி ஒரு பள்ளி தொடங்கியது. இன்றைய மிடில் ஸ்கூல் வடிவம் 1960களுக்குப் பிறகு பரவியது. சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும் என்பதுதான் யோசனை. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் நிற்கும் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்பதைத்தான் கிரெக் எழுதுகிறான். இன்னும் உயரமே வராத பையனும், தினமும் இரண்டு முறை சவரம் செய்ய வேண்டிய அளவுக்கு வளர்ந்த பையனும் ஒரே நடைவழியில் போகிறார்கள். வயது பார்த்து வகுப்புப் பிரிக்காமல் உயரம் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பது அவனுடைய கோரிக்கை. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

பள்ளியில் தனக்கு எத்தனையாவது இடம் என்று கூட அவன் கணக்கு வைத்திருக்கிறான். 52 அல்லது 53. மேலே இருக்கும் ஒருவனுக்கு அடுத்த வாரம் பல்லில் கம்பி கட்டப்போகிறார்கள், அதனால் தான் ஒரு படி ஏறிவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. இந்த வரியில் சிரிக்காத ஆறாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்த வயதில் எல்லோருமே மனதுக்குள் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் ஐந்தாம் வகுப்போடு பக்கத்துத் தெருப் பள்ளி முடிந்து, பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இந்தப் பயம் உடனே புரியும். ஒரே பள்ளியில் எல்கேஜியிலிருந்து பிளஸ் டூ வரை படிப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? எனக்குப் படித்தால் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

எழுத்தை மட்டும் படித்திருப்பீர்கள். இந்தப் புத்தகத்தைக் கண்ணை மேலும் கீழும் ஓட்டிப் படிக்க வேண்டும். கோடு போட்ட நோட்டுத் தாளில், கையெழுத்துப் போன்ற எழுத்தில், கிரெக் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வான். கீழே ஒரு சின்னப் படம் இருக்கும். அந்தப் படத்தில் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் நடந்தது வேறு என்று தெரியும். கிரெக்குக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ‘டேய், நீ செய்ததுதான்டா தப்பு’ என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும் உரிமை பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. வீட்டிலும் பள்ளியிலும் எப்போதும் தீர்ப்பு வாங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை, இங்கே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்கிறது. பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், கின்னிக்கு ஒரு நகைச்சுவையை எப்படிக் கட்டுவது என்று நன்றாகத் தெரியும். கோடை விடுமுறை தொடங்கிய கொஞ்ச நாளில், நடு ராத்திரியில் ராட்ரிக் தம்பியை எழுப்புகிறான். பள்ளிக்குப் போகிற உடையில் நிற்கிறான். கடிகாரத்தைக் காலை நேரத்துக்குத் திருப்பி வைத்து, வெளியே இருட்டாக இருப்பது தெரியாமல் திரையையும் மூடிவிட்டான். ‘நீ கோடை முழுக்கத் தூங்கிவிட்டாய், இன்றைக்குப் பள்ளி திறக்கிறது’ என்கிறான். கிரெக் அலறிப்புடைத்துக் கிளம்பி, கீழே போய் காலை உணவு சாப்பிட ஆரம்பிக்கிறான். சத்தம் கேட்டு வந்த அப்பா, ராத்திரி மூன்று மணிக்கு என்னடா சாப்பாடு என்று கத்துகிறார். அப்பாவை அழைத்துக்கொண்டு ராட்ரிக்கிடம் போனால், அவன் நல்ல தூக்கத்தில் இருப்பதுபோல் படுத்திருக்கிறான். மாட்டிக்கொண்டது கிரெக் மட்டும். அண்ணன் தம்பி இருக்கிற வீடுகளில் இந்த இடத்தை ஒருவருக்கொருவர் மறுபடி மறுபடி படித்துக் காட்டுவார்கள்.

இன்னொரு வகைச் சிரிப்பு மெதுவாக வருவது. புவியியல் தேர்வில், வகுப்புச் சுவரில் தொங்கும் அமெரிக்க வரைபடத்தைப் பார்த்து எழுதிவிடலாம் என்று கிரெக் திட்டம் போடுகிறான். பேட்டி ஃபாரெல் என்ற பெண் கையைத் தூக்கி, வரைபடத்தை மூடச் சொல்லிவிடுகிறாள். அதோடு விஷயம் முடிந்தது என்று நாம் மறந்துவிடுவோம். கிரெக் மறக்கவில்லை. பள்ளி நாடகத்தில் பேட்டிக்கு நாயகி வேடம். ஆப்பிள் எறியும் மரங்களில் ஒன்றாக நடிக்க இவன் ஏன் அவ்வளவு ஆசையாக முன்வருகிறான் என்று யோசித்தால் மீதி தெரிந்துவிடும்.

சீஸ் டச் என்று பிள்ளைகள் விளையாடுகிறார்களே, அது என்ன?

கிரெக்கின் பள்ளி கூடைப்பந்து மைதானத்தில் ஒரு சீஸ் துண்டு நாட்கணக்கில் கிடந்து பூசணம் பிடித்துப் போயிருக்கிறது. ஒருவன் விரலால் தொட்டுவிடுகிறான். அவனுக்கு ‘சீஸ் டச்’ வந்துவிட்டது, யாரும் அவனிடம் போகக் கூடாது. அவன் இன்னொருவரைத் தொட்டால் அது அவருக்குப் போய்விடும். விரல்களைப் பின்னி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். கடைசியாக அது வந்த பையன் கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறிப் போனபோதுதான் பள்ளிக்கு நிம்மதி.

இதை ஓடிப்பிடிக்கும் விளையாட்டாக ஆடினால் தொந்தரவில்லை. ஆனால் ஒரே பிள்ளையின் மேல் தினமும் அது ‘வந்துகொண்டே’ இருந்தால் நிறுத்த வேண்டும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று மனிதர்களை ஒதுக்கிவைத்த கொடுமை நம் சமூகத்துக்குக் கதைப் புத்தகத்திலிருந்து தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளோடு இந்த இடத்தில் நின்று அதைப் பேசலாம். புத்தகமே அதற்கு வழிவிடுகிறது: அந்தச் சீஸைத் தொட்டவன் என்ன தப்புச் செய்தான் என்று கேட்டால் பதில் இருக்காது.

கிரெக் பொய் சொல்கிறான், நண்பனை மாட்டிவிடுகிறான். இதைப் படித்துப் பிள்ளை கெட்டுப் போகாதா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். கவலை நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் விட்டுவரும் பொறுப்பு கிரெக்குக்கும் ரவுலிக்கும் கிடைக்கிறது. ஒருநாள் கிரெக், குச்சியில் ஒரு புழுவை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தைகளைத் துரத்துகிறான். தூரத்திலிருந்து பார்த்த ஒருவர் அது ரவுலி என்று நினைத்துப் பள்ளியில் புகார் சொல்லிவிடுகிறார். தண்டனை ரவுலிக்கு. கிரெக் உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கிறான். அம்மாவிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லாமல் யோசனை கேட்கிறான். எது சரியோ அதைச் செய் என்கிறார் அம்மா. இவன் யோசித்து, ரவுலியே இந்த ஒருமுறை பழியை ஏற்றுக்கொள்வதுதான் சரி என்று முடிவுக்கு வருகிறான்! சரியானதைச் செய்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல, அவரும் பெருமைப்பட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிறார்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு வரும், கூடவே ஒரு நெளிவும் வரும். ‘பாவம் ரவுலி’ என்று அவர்களே சொல்வார்கள். கிரெக்கைப் போல் நடந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் அவனுடைய திட்டம் ஒன்றுகூடக் கடைசியில் அவனுக்கு உதவுவதில்லை. உண்மை வெளியே வந்து, கிரெக் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறான், ரவுலிக்கு உயர்வு கிடைக்கிறது. நண்பனும் விலகிப் போகிறான். இவ்வளவு நடந்தும் எழுத்தாளர் ஓரிடத்தில்கூட ‘ஆகவே பொய் சொல்லாதே’ என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் பிள்ளை அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கும். எழுதாததால் அதை அதுவே கண்டுபிடிக்கிறது. எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை கிரெக் சொல்வதை அப்படியே நம்பிவிடக்கூடும். எழுதுபவன் சொல்வது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பது அந்த வயதில் புரிவது கடினம். கூட உட்கார்ந்து ‘ரவுலியைக் கேட்டால் இதை எப்படிச் சொல்வான்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்கு மேல் பாடம் நடத்த வேண்டாம்.

அப்படியானால் எந்த வயதில் கொடுக்கலாம்?

8 வயதிலிருந்து 13 வரை. ஒன்பது, பத்து வயதில் படிப்பவர்களுக்குத்தான் அதிகச் சிரிப்பு.

பக்கத்துக்குப் பக்கம் படம். இதையெல்லாம் படிப்பு என்று சொல்ல முடியுமா?

முடியும். படத்தையும் எழுத்தையும் சேர்த்து வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சாதாரண வேலை இல்லை. கொஞ்சம் முன்பு சொன்ன இடைவெளியைப் பிடிக்காத பிள்ளைக்குச் சிரிப்பு வராது. சிரித்தால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை முடிப்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய விஷயம். ஆங்கிலம் வீட்டில் பேசாத பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய விஷயம். வாக்கியங்கள் சின்னவை. தெரியாத சொல்லைப் படம் காட்டிக்கொடுக்கும். முதல் புத்தகத்தை முடித்த பிள்ளை இரண்டாவதைத் தானாகவே கேட்கும்.

சத்தமாகப் படித்துக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் எதிரே உட்கார வைத்துப் படிக்காதீர்கள். தோளோடு தோள் உட்கார்ந்து, இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்க வேண்டும். படத்துக்கு முந்தைய வரி வந்ததும் நிறுத்துங்கள். படத்தைப் பிள்ளை முதலில் பார்க்கட்டும், சிரித்து முடிக்கட்டும், அப்புறம் அடுத்த வரி. படத்தை விளக்க ஆரம்பித்தால் எல்லாம் கெட்டுவிடும். கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவதும் நன்றாக வரும். ராட்ரிக்கின் பேச்சு தமிழில் வந்தால் இன்னும் திமிராக இருக்கிறது.

அமெரிக்க விஷயங்கள் பிள்ளைக்குப் புரியுமா?

பெரும்பாலும் புரியும். மூன்று இடங்களில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது.

ஹாலோவீன்: அக்டோபர் 31 இரவு வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். கிரெக்கும் ரவுலியும் அன்றைக்கு வயதில் பெரிய பையன்கள் சிலரிடம் வாய் கொடுத்து, அவர்கள் வண்டியில் துரத்த, பாட்டி வீட்டுக்கு ஓடுகிறார்கள். அந்தப் பையன்கள் பிறகு மறுபடியும் வருகிறார்கள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். உடற்பயிற்சி வகுப்பில் மல்யுத்தம் பாடமாகவே வரும், எடை பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். அதனால்தான் ஃப்ரெக்லி என்ற விசித்திரமான பையனிடம் கிரெக் மாட்டுகிறான். அப்புறம் இயர்புக்: வருடக் கடைசியில் எல்லோருடைய படங்களோடும் பள்ளி வெளியிடும் தொகுப்பு. ‘வகுப்பில் அதிகம் சிரிக்க வைப்பவர்’ போன்ற பட்டங்களும் அதில் இருக்கும். கிரெக் அதில் இடம்பிடிக்கத்தான் பாடுபடுகிறான்.

பெண் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

பிடிக்கும். அண்ணன், தம்பி, வகுப்பு, வெட்கம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் முதல் புத்தகத்தில் பெண் பாத்திரங்களுக்கு இடம் குறைவு. பேட்டி ஃபாரெலின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த நாடக நாள் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு பெண் பிள்ளை என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. மேடையில் ஆப்பிள் அடி வாங்கியது அவள்தான்.

இதை எழுதியவர் யார்?

ஜெஃப் கின்னி, 1971இல் பிறந்தவர், மேரிலாந்து மாநிலத்துக்காரர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்தபோது மாணவர் இதழில் சித்திரத் தொடர் வரைந்தார். செய்தித்தாள் கார்ட்டூனிஸ்ட் ஆக வேண்டும் என்பது ஆசை, அது கைகூடவில்லை. 1998இல் கிரெக்கின் யோசனை தோன்றியது. பல வருடம் அதையே திருத்தித் திருத்தி எழுதினார். 2004இல் ஃபன்பிரெயின் என்ற சிறுவர் இணையதளத்தில் நாளுக்கு நாள் வெளிவரத் தொடங்கி, 2007 ஏப்ரலில் அச்சுப் புத்தகமானது.

அவர் இதைப் பெரியவர்களுக்காகத்தான் எழுதினார், தங்கள் பள்ளி நாட்களை நினைத்துச் சிரிக்கட்டும் என்று. சிறுவர் புத்தகமாகப் போடலாம் என்று சொன்னது பதிப்பகம். இது தெரிந்ததும் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. பிள்ளைகளுக்கு என்று நினைத்து எழுதியிருந்தால் கிரெக்கைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிட்டிருப்பார், கடைசியில் திருத்தியும் இருப்பார். அப்படிச் செய்யாததால்தான் அவன் உண்மையான பையனாக இருக்கிறான்.

எந்த வரிசையில் படிப்பது?

முதல் புத்தகத்தில் தொடங்குங்கள். இரண்டாவது 2008இல் வந்த ‘ராட்ரிக் ரூல்ஸ்’, அண்ணன் தம்பிச் சண்டைக்கு அதுதான் உச்சம். அதற்குப் பிறகு கையில் எது கிடைக்கிறதோ அதைப் படிக்கலாம். 2025 வரை இந்த வரிசையில் 20 புத்தகங்கள் வந்துவிட்டன. 2019இல் ரவுலி எழுதுவதாக ஒரு தனிப் புத்தகமும் வந்தது. கிரெக்கை ரவுலி எப்படிப் பார்க்கிறான் என்று அதில் தெரியும். முதல் புத்தகத்தைப் படித்தவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.

சினிமாவைப் பார்த்தால் போதாதா?

போதாது. 2010இல் நடிகர்களை வைத்து எடுத்த படமும், 2021இல் டிஸ்னி வெளியிட்ட அனிமேஷன் படமும் உண்டு. இரண்டையும் பார்க்கலாம். ஆனால் சினிமாவில் நடந்ததை நாம் நேராகவே பார்த்துவிடுகிறோம். கிரெக் சொல்வதற்கும் நடந்ததற்கும் நடுவே நாம் புகுந்து பார்க்கும் சுகம் குறைந்துவிடுகிறது. புத்தகம் முதலில், படம் பிறகு.

முடிவில் கிரெக் திருந்துகிறானா? (கதை முடிவு இங்கே இருக்கிறது.)

திருந்துவதில்லை. ஆனால் ஒரு காரியம் செய்கிறான். ஹாலோவீன் அன்று துரத்திய பையன்கள் மைதானத்தில் இருவரையும் பிடித்து, அந்தப் பூசணச் சீஸைத் தின்னச் சொல்கிறார்கள். கிரெக் ஏதோ ஒவ்வாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். ரவுலி தின்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மற்றப் பிள்ளைகள் வந்து சீஸ் எங்கே என்று கேட்கிறார்கள். உண்மை தெரிந்தால் ரவுலியின் பள்ளி வாழ்க்கை அதோடு முடிந்தது. நான்தான் எடுத்துத் தூக்கிப் போட்டேன் என்கிறான் கிரெக். சீஸ் டச் இப்போது அவன்மேல்.

முதலில் தப்பித்தவனும் அவன்தான், பிறகு பழியை ஏற்றவனும் அவன்தான். எது உண்மையான கிரெக் என்று பிள்ளைகளைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்கு இரண்டும் ஒரே ஆளாகத்தான் தெரிகிறது.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். புதிதாக ஏதாவது வாங்கிக் கொடுக்கட்டுமா?

வாங்கிக் கொடுங்கள், ஆனால் பழையதைப் பிடுங்காதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டே சிரிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பள்ளியில் ஒரு மோசமான நாள் போனால் பிள்ளைகள் போய் எடுப்பது தெரிந்த புத்தகத்தைத்தான்.

நானும் கிரெக் மாதிரி எழுதலாமா? எனக்குப் படம் வரையத் தெரியாது.

எழுதலாம். கிரெக்கின் படங்களைப் பார், வட்டத் தலை, குச்சிக் கை, மூன்று முடி. நீயும் வரைந்துவிடுவாய். ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துக்கொள். இன்றைக்குப் பள்ளியில் நடந்த ஒன்றை, உன்மேல் தப்பே இல்லாத மாதிரி நாலு வரியில் எழுது. கீழே, அப்போது எதிரில் நின்றவருடைய முகத்தை மட்டும் உள்ளது உள்ளபடி வரை. நோட்டை அண்ணன் கண்ணில் படாத இடத்தில் வை.